காய்ச்சல் விட்டு 24 மணித்தியாலம் ஆகிவிட்டது. இனி அம்மம்மாவின் அறைக்குள் போகலாமா?

ஸ்காபரோ மகள் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம். நான், கணவர், ஏழு வயது மகன், இந்த யூன் மாதம் பிறந்த மகள், என் அம்மா, நிலவறையில் வாடகைக்கு இருக்கும் ஒரு மாணவத் தம்பி. அம்மாவுக்கு 78 வயது. நீரிழிவும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் இருக்கின்றன.

ஞாயிறு இரவு கணவருக்குக் காய்ச்சலும் தொண்டை நோவும் தொடங்கின. திங்கள் காலை வீட்டில் மிச்சமிருந்த துரிதப் பரிசோதனைப் பெட்டியில் ஒரு தடவை பார்த்தோம். கோவிட் இல்லை என்று காட்டியது. புதன் இரவோடு காய்ச்சல் விட்டுவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை, இருமல் மட்டும் இருக்கிறது. 24 மணித்தியாலம் கடந்தால் போதும் என்று இங்கே கனடாவில் ஒன்ராறியோ மாகாணமே சொல்லிவிட்டது என்கிறார். காலையில் குழந்தையைத் தூக்கப் போனார், நான் மறித்தேன், வீட்டில் சிறிய மனத்தாங்கல் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இறந்துபோன நெருங்கிய உறவினர் ஒருவரின் அந்தியேட்டிக் கிரியை, மண்டபத்தில் இருநூறு பேருக்குச் சாப்பாடு. அம்மாவும் வர விரும்புகிறார்.

அவர் சொல்வது சரியா? அம்மாவுக்கும் குழந்தைக்கும் இப்போது எந்த ஊசி போடலாம்? கேட்டறிந்ததை வைத்துச் சொல்லாமல், விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இரவுநேரத் தாதி:

தங்கச்சி, உங்கள் கணவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் பாதிதான். அந்த அறிவுறுத்தலில் இரண்டு பகுதிகள் உண்டு. எங்கள் சனம் முதல் பகுதியோடு வாசிப்பதை நிறுத்திவிடுகிறது. பதினெட்டு வருடமாக வைத்தியசாலையில் வேலை செய்கிறேன், ஒவ்வொரு குளிர்காலமும் இதைத்தான் காண்கிறேன்.

முதல் பகுதி, வீட்டிலேயே இருக்க வேண்டிய காலம். காய்ச்சல் விட்டிருக்க வேண்டும், அதுவும் ரைலனோல் போன்ற காய்ச்சல் குறைக்கும் குளிசை எடுக்காமலே விட்டிருக்க வேண்டும். மற்ற அறிகுறிகள் குறைந்தது 24 மணித்தியாலமாகத் தணிந்து வர வேண்டும், வாந்தியோ வயிற்றோட்டமோ இருந்திருந்தால் 48 மணித்தியாலம். புதிதாக வேறு அறிகுறி எதுவும் தொடங்கியிருக்கக்கூடாது. இவை எல்லாம் பொருந்தினால் வெளியே போகலாம்.

இரண்டாம் பகுதியில்தான் உங்கள் அம்மா இருக்கிறார். அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து 10 நாட்கள் முடியும் வரை பொது இடங்களில் நன்றாகப் பொருந்தும் முகக்கவசம் அணிய வேண்டும். முகக்கவசத்தைக் கழற்றியே ஆக வேண்டிய, அத்தியாவசியமில்லாத இடங்களைத் தவிர்க்க வேண்டும். கடும் நோய்க்கு ஆளாகக்கூடிய முதியவர்கள், நோயெதிர்ப்புக் குறைந்தவர்கள், பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்கள் ஆகியோரைப் பார்க்கப் போவதைத் தவிர்க்க வேண்டும். 24 மணித்தியாலம் என்பது நோய் முடிந்ததற்கான அடையாளம் அல்ல. காய்ச்சல் விட்ட பிறகும் மூக்கிலும் தொண்டையிலும் வைரசு சில நாட்கள் இருக்கும். இன்புளுவென்சா என்றால் அறிகுறிக்கு ஒரு நாள் முன்பிருந்து ஐந்து ஏழு நாட்கள் வரை பரவலாம். கோவிட் எட்டுப் பத்து நாட்கள் வரை இழுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமையைப் பூச்சிய நாளாக எண்ணுங்கள். இன்று ஐந்தாம் நாள். வரும் புதன்கிழமை பத்தாம் நாள். அதுவரை அவர் அம்மாவின் அறைக்குள் போகாமல் இருப்பதுதான் நல்லது. குழந்தையைத் தூக்காமல் இருக்க முடியாது என்றால் முகக்கவசத்தோடு தூக்கட்டும்.

இன்னுமொன்று. அந்த ஒற்றைப் பரிசோதனையை நம்பி இருந்துவிடாதீர்கள். அறிகுறி தொடங்கிய மறுநாளே துரிதப் பரிசோதனை செய்தால் கோவிட் இருந்தும் இல்லை என்று காட்டுவது வழமை. ஒன்றிரண்டு நாள் விட்டு மறுபடியும் பார்த்திருக்க வேண்டும். அதோடு அந்தப் பெட்டி கோவிட்டை மட்டுமே பார்க்கிறது, இன்புளுவென்சாவையோ, குழந்தைகளையும் முதியவர்களையும் கடுமையாகத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரசையோ அது சொல்லாது. கோவிட் இல்லை என்றால் வெறும் தடிமன்தான் என்று எங்கள் வீடுகளில் முடிவு கட்டுவது மிகவும் ஆபத்தானது.

களஞ்சிய வேலையாள்:

தாதி அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனால் மணித்தியாலக் கூலிக்கு வேலை செய்கிறவர்களின் பக்கமும் இங்கே பேசப்பட வேண்டும். நான் முகவர் நிறுவனம் ஒன்றின் ஊடாகக் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிறேன். போன மாசியில் காய்ச்சலோடு மூன்று நாள் வீட்டில் நின்றேன். நாலாம் நாள் அழைத்தபோது, இந்தக் கிழமை உனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த மாதம் வாடகைக்குக் கடன்பட்டேன். அடுத்த முறை தொண்டை நொந்தபோது இரண்டு குளிசை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அதை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன், ஏனென்றால் என் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் ஐயா.

கோவிட் காலத்தில் ஒன்ராறியோவில் மூன்று நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு இருந்தது. 2021 ஏப்ரலில் வந்த அந்தத் திட்டம் 2023 மார்ச் 31 உடன் முடிந்தது. இப்போது மாகாணச் சட்டத்தில் இருப்பது வருடத்துக்கு மூன்று நாள், அதுவும் சம்பளமில்லாமல். வங்கி, விமான சேவை போன்ற மத்திய அரசின் கட்டுப்பாட்டில் உள்ள துறைகளில் வேலை செய்கிறவர்களுக்கு 2022 டிசம்பரிலிருந்து வருடத்துக்குப் பத்து நாள்வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஒரே தெருவில் ஒரே வைரசு பிடித்த இரண்டு பேரில் ஒருவர் வீட்டில் இருக்கலாம், மற்றவர் இருக்க முடியாது. வீட்டில் இருங்கள் என்று சொல்லும் சுகாதாரத் துறை இதையும் பேச வேண்டும் என்பதே என் கருத்து.

ஒரு விடயம் பலருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். 2024 ஒக்ரோபர் 28 முதல், அந்த மூன்று நாள் விடுப்புக்கு வைத்தியரின் கடிதம் கொண்டு வா என்று வேலைத்தலத்தில் கேட்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. காய்ச்சலோடு நாலு மணித்தியாலம் ஒரு கிளினிக்கில் இருந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் பரப்பி, காசு கொடுத்துக் கடிதம் வாங்கத் தேவையில்லை.

மூத்த வாசகர்:

நான் இந்த ஊசிகளுக்கு எதிரானவன் அல்லன், ஆனால் ஒரு சந்தேகம் உண்டு. போன வருடம் காய்ச்சல் ஊசி, அதாவது இன்புளுவென்சா ஊசி, போட்ட மறுநாளே எனக்கு உடம்பு உளைச்சலும் காய்ச்சலும் வந்தன. பிறகு தை மாதத்தில் உண்மையான காய்ச்சலும் வந்தது. அப்படியென்றால் அந்த ஊசி எதற்கு? இப்போது ஒரே நாளில் மூன்று ஊசி போடலாம் என்கிறார்கள். 70 வயதைக் கடந்த உடம்பு இதைத் தாங்குமா?

மருந்தகத்தார்:

ஐயா, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. என் மேசைக்கு வருபவர்களில் பாதிப் பேர் இதையே கேட்கிறார்கள், அதனால் சற்று விரிவாகப் பதில் தருகிறேன்.

மறுநாள் வந்த உளைச்சலும் காய்ச்சலும் இன்புளுவென்சா நோய் அல்ல. தோளில் போடப்படும் இன்புளுவென்சா ஊசியில் உயிருள்ள வைரசு கிடையாது, ஆகவே அதனால் அந்த நோய் வர முடியாது. உடம்பு எதிர்ப்புச் சக்தியை உருவாக்கும்போது ஒன்றிரண்டு நாள் கை நோவும் மெல்லிய காய்ச்சலும் வருவதுண்டு. தை மாதத்தில் வந்தது வேறு கதை. அது இன்புளுவென்சாவாக இருந்திருக்கலாம், வேறு பத்து வைரசுகளில் ஒன்றாகவும் இருந்திருக்கலாம். இன்புளுவென்சாவாகவே இருந்தாலும், ஊசி நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில்கூட வைத்தியரிடம் போகுமளவு நோய் வருவதை ஏறத்தாழ 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கிறது. இதை நான் யாருக்கும் மறைப்பதில்லை. அந்த ஊசியை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், நோய் வந்தாலும் நிமோனியாவாகி வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும் வாய்ப்பு குறைகிறது என்பதே. உங்கள் வயதில் அதுதான் பெரிய விடயம்.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று செறிவு கூடிய ஊசி இருக்கிறது. அதில் வழமையான ஊசியைவிட நான்கு மடங்கு மூலப்பொருள் உண்டு. எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருள் சேர்த்த இன்னொரு வகையும் உண்டு. வயதானவர்கள் ஊசிக்குப் போகும்போது இவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் அவசரத்தில் எது கையில் இருக்கிறதோ அதைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் பலர். ஒன்ராறியோவில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இந்த ஊசி இலவசம். இப்படி முழு மக்களுக்கும் இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை 2000ஆம் ஆண்டிலேயே தொடங்கிய மாகாணம் இது. அது எங்கள் சனத்துக்குப் பெருமையாகவும் தெரியவில்லை, பயனாகவும் படவில்லை என்பது எனக்கு மனவருத்தம்.

ஒரே நாளில் மூன்று ஊசி போடுவதற்குத் தடை இல்லை. ஆனால் கட்டாயமும் இல்லை. உங்களுக்குப் பயமென்றால் இன்புளுவென்சாவையும் கோவிட்டையும் இன்றும், ஆர்.எஸ்.வி.யை இரண்டு மூன்று கிழமை கழித்தும் போடலாம். இன்னொரு நாள் போடலாம் என்று போன ஐயாமாரில் பலர் திரும்பி வரவில்லை என்பதால்தான் நாங்கள் ஒரே நாளில் என்று வற்புறுத்துகிறோம்.

இழையைத் தொடங்கிய அக்காவுக்கு: உங்கள் அம்மாவுக்கு 78 வயது என்றீர்கள். 2025 இலையுதிர் காலத்திலிருந்து 75 வயதைக் கடந்த எல்லோருக்கும் ஆர்.எஸ்.வி. ஊசியை மாகாணம் இலவசமாக்கியிருக்கிறது. முன்பு 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் பராமரிப்பு இல்லத்தில் இருப்பவர்கள், சிறுநீரகச் சுத்திகரிப்புச் செய்பவர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே இருந்தது. நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு இது மிகவும் முக்கியமானது. இன்புளுவென்சாவைப்போல ஒவ்வொரு வருடமும் தேவையில்லை; இப்போதைக்கு ஒரு தடவை போட்டால் போதும்.

குழந்தை விடயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஐந்து மாதக் குழந்தைக்கு இன்புளுவென்சா ஊசியும் கோவிட் ஊசியும் போட முடியாது. இரண்டுக்கும் ஆறு மாதம் நிறைய வேண்டும். ஆனால் ஆர்.எஸ்.வி.க்கு நிர்செவிமாப் என்ற எதிர்ப்பொருள் ஊசி இருக்கிறது. இது உடம்பைத் தயார்ப்படுத்தும் தடுப்பூசி அல்ல. தயாராக இருக்கும் எதிர்ப்பொருளை நேரடியாகக் கொடுப்பது. ஒரே ஊசி, குறைந்தது ஐந்து மாதம் காவல் நிற்கும், குழந்தைகள் வைத்தியசாலையில் சேர்க்கப்படுவதை 80 சதவீதத்துக்கு மேல் குறைக்கிறது. 2024 இலையுதிர் காலத்திலிருந்து ஒன்ராறியோவில் தங்கள் முதல் ஆர்.எஸ்.வி. பருவத்தில் இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசம். பருவ காலத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கு வைத்தியசாலையிலேயே போட்டு அனுப்புகிறார்கள். உங்கள் மகள் யூனில் பிறந்தவர். பருவத்துக்கு முன்பு வீட்டுக்கு வந்தவர். அப்படிப்பட்ட பிள்ளைகள்தான் விடுபட்டுப் போகிறார்கள். கர்ப்ப காலத்தில் உங்களுக்கு ஆர்.எஸ்.வி. தடுப்பூசி போடப்படவில்லை என்றால், திங்கள் காலையே குடும்ப வைத்தியரை அழைத்துக் கேளுங்கள்.

ஸ்காபரோ மகள்:

எல்லோருக்கும் மிகுந்த நன்றி. ஆர்.எஸ்.வி. ஊசியைப் பற்றி எனக்கு எவருமே சொல்லவில்லை. இரண்டு கேள்விகள் இன்னும் இருக்கின்றன. அம்மா கடும் சைவம். காய்ச்சல் ஊசி முட்டையில் செய்யப்படுவது என்று கோயிலில் யாரோ சொன்னதால் மூன்று வருடமாகப் போடாமல் இருக்கிறார். இரண்டாவது, கணவரை மட்டும் தள்ளி வைத்தால் போதுமா?

மருந்தகத்தார்:

பெரும்பாலான இன்புளுவென்சா ஊசிகளுக்கான வைரசு கோழிமுட்டையில் வளர்க்கப்படுவது உண்மைதான். இதைப் பொய் என்று சொல்லி அம்மாவைச் சம்மதிக்கவைப்பது நியாயமல்ல. ஆனால் முட்டையைத் தொடாமல், உயிரணு வளர்ப்பில் தயாரிக்கப்படும் வகையும் இருக்கிறது. அது எங்கே கிடைக்கும் என்று உங்கள் மருந்தகத்தில் கேளுங்கள். கோவிட்டுக்கான எம்.ஆர்.என்.ஏ. ஊசிகளில் முட்டை இல்லை. இப்படி எடுத்துச் சொன்னபோது கையை நீட்டிய அம்மாமார் பலர்.

இன்னுமொரு வேலையை இன்றே செய்து வையுங்கள். அம்மா எடுக்கும் எல்லா மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவருக்கு அறிகுறி வந்தால் இன்புளுவென்சாவுக்கான ரமிஃபுளூ 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பயன் தரும்; கோவிட்டுக்கான பக்ஸ்லோவிட் ஐந்து நாட்களுக்குள் தொடங்க வேண்டும். பக்ஸ்லோவிட்டை இங்கே மருந்தாளர்களே எழுதிக் கொடுக்கலாம், ஆனால் கொழுப்புக் குளிசை சிலவற்றோடும் இரத்தம் உறையாமல் எடுக்கும் மருந்து சிலவற்றோடும் அது ஒத்துவராது. பட்டியல் கையில் இல்லாததால் ஒரு நாள் வீணாகப் போவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

இரவுநேரத் தாதி:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். போதாது. அவரோடு ஒரே அறையில் படுத்தவர் நீங்கள், அம்மாவுக்கு இன்சுலின் போடுபவரும் அநேகமாக நீங்கள்தான். நோயுற்றவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் 10 நாட்கள் வெளியே முகக்கவசம் அணிய வேண்டும், பலவீனமானவர்களிடம் போவதைத் தவிர்க்க வேண்டும் என்றுதான் அறிவுறுத்தல். நீங்கள் போகாமல் இருக்க முடியாது, ஆகவே அம்மாவின் அறைக்குள் போகும்போது முகக்கவசம் அணியுங்கள். அம்மா அதற்குக் கோபிப்பார். தன்னைத் தீண்டத்தகாதவர்போல நடத்துவதாக நினைப்பார். என் மாமியாரும் அப்படித்தான் நினைத்தார். பக்கத்தில் இருந்து கதைத்து, ஏன் என்று சொல்லிவிட்டு, பிறகு அணியுங்கள். ஏழு வயது மகன் பாடசாலையிலிருந்து நேராக அம்மம்மாவின் மடிக்குப் போகாமல் இந்தக் கிழமை பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்த்திகைக் குளிரில் யன்னலைத் திறக்கச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் பத்து நிமிடம் ஒரு நாளைக்குச் சில தடவை திறந்தாலே வித்தியாசம் தெரியும். வெப்பமூட்டியின் விசிறியைத் தொடர்ந்து ஓடவிட்டு, இயந்திரம் தாங்குமென்றால் நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் மேர்வ் 13 தர வடிகட்டியைப் போடுங்கள். ஹெப்பா வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று வாங்க முடியுமென்றால் அதை அம்மாவின் அறையில் வையுங்கள். குளியலறை இரண்டு இருந்தால் ஒன்றைக் கணவருக்கு விடுங்கள்.

குழந்தைக்கு மூச்சு வேகமாக வந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையில் தோல் உள்ளே போனாலோ, பால் குடிக்க மறுத்து ஈர அணையாடைகள் குறைந்தாலோ காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். சந்தேகம் என்றால் 811ஐ அழையுங்கள். எந்த நேரத்திலும் தாதி ஒருவர் இருப்பார்.

2003ஐ மறக்காதவர்:

தாமதமாக இழைக்குள் வருகிறேன். 2003இல் சார்ஸ் என்ற சுவாச நோய் வந்தபோது ஸ்காபரோ கிரேஸ் வைத்தியசாலையில்தான் ரொறன்ரோ நகரத்தின் முதல் பரவல் நடந்தது. நான் அப்போது வேறொரு வைத்தியசாலையில் துப்புரவு வேலை செய்தேன். எங்கள் பிரிவில் ஒருவருக்குச் சந்தேகம் என்றதும் என்னைப் பத்து நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். இரண்டு அறை வீடு. ஓர் அறையில் நான். மற்றதில் மனைவியும் மூன்று பிள்ளைகளும். சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டுப் போவார்கள். பொதுச் சுகாதாரத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து உடல் வெப்பம் எவ்வளவு என்று கேட்பார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. கனடாவில் 44 பேர் இறந்தார்கள், அவர்களில் எங்களைப் போல வைத்தியசாலையில் வேலை செய்தவர்களும் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு அது சட்டம் போலச் சொல்லப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் கேட்டு நடந்தோம். இப்போது அறிவுறுத்தலாக மட்டும் சொல்லப்படுகிறது. கோவிட்டுக்கான பி.சி.ஆர். பரிசோதனை 2021 டிசம்பர் 31 முதல் குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டுமானது. கழிவுநீரில் வைரசைத் தேடிய மாகாணத் திட்டத்தை 2024 யூலையோடு நிறுத்தினார்கள். ஊரில் என்ன பரவுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளும் வழிகளைக் குறைத்துவிட்டு, முடிவை வீட்டுக்காரரின் தலையில் வைத்தது சரியென்று எனக்குப் படவில்லை. ஆகவேதான் இப்படியான இழைகள் தேவைப்படுகின்றன.

களஞ்சிய வேலையாள்:

அண்ணா, நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் எல்லாம் சட்டமாக வந்தால் முதலில் அகப்படுவது எங்களைப் போன்றவர்கள்தான். 2021 ஏப்ரலில் நோய் கூடிய அஞ்சல் குறியீடுகளைத் தெரிந்தெடுத்து, 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அவர்கள் வாழும் இடத்துக்கே கோவிட் ஊசியைக் கொண்டு வந்தார்கள். ஸ்காபரோவில் விடியற்காலையிலேயே வரிசை நின்றது, நானும் நின்றேன். எங்களைக் கட்டாயப்படுத்த யாரும் தேவைப்படவில்லை. எங்கள் வேலை நேரத்துக்கு ஏற்ற இடத்தில், எங்கள் மொழியில் கதைக்கும் ஒருவரோடு ஊசி வந்தது, போட்டுக்கொண்டோம். இன்புளுவென்சாவுக்கும் அப்படி ஏன் வரக்கூடாது?

மூத்த வாசகர்:

மருந்தகத்தாருக்கு நன்றி. செறிவு கூடிய ஊசி என்று பெயர் சொல்லிக் கேட்டேன். அங்கே முடிந்துவிட்டதாம்; பக்கத்து மருந்தகத்தில் இருந்தது. ஆர்.எஸ்.வி. ஊசிக்குத் தேதி வாங்கியிருக்கிறேன். அந்தியேட்டி வீடுகளுக்கும் ஒரு வேண்டுகோள்: இருமலோடு வரவில்லை என்று ஒருவர் சொன்னால் அதை மரியாதைக் குறைவாக எடுக்காதீர்கள். என் தமக்கை அப்படியொரு மண்டபத்தில் பிடித்த நோயால்தான் இறந்துபோனார்.

ஸ்காபரோ மகள்:

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மூத்த ஐயாவின் கடைசி வரியைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை. அந்தியேட்டிக் கிரியைக்கு முகக்கவசத்தோடு போய், பின்வரிசையில் நின்று, பந்திக்கு முன்பே வந்துவிட்டார். அம்மா போகவில்லை, காணொளியில் பார்த்து அழுதார். நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

குழந்தைக்குச் செவ்வாய்க்கிழமை குடும்ப வைத்தியரிடம் நேரம் கிடைத்திருக்கிறது. முட்டை கலக்காத ஊசி இருக்கிறதென்று தெரிந்ததும், போடலாம் என்று அம்மா தானாகவே சொன்னார். இரண்டு மருந்தகங்களில் கேட்டு வைத்திருக்கிறேன். மருந்துப் பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டோம். பதினொரு மருந்துகள், எனக்கே தொகை தெரியாமல் இருந்தது.

நிலவறைத் தம்பிக்கு இன்று காலை தொண்டை கரகரக்கிறதாம். அவருக்கு இன்று பூச்சிய நாள். இரசமும் சோறும் படிக்கட்டில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். வேலைக்குப் போகாவிட்டால் இந்தக் கிழமைச் சம்பளம் போய்விடும் என்று கவலைப்படுகிறார். களஞ்சியத்தில் வேலை செய்யும் தம்பி, அந்த வைத்தியர் கடிதச் சட்டம் பகுதிநேர வேலையாட்களுக்கும் பொருந்துமா?

களஞ்சிய வேலையாள்:

பொருந்தும் அக்கா. இரண்டு கிழமை தொடர்ந்து அங்கே வேலை செய்திருந்தால் பகுதிநேரத்தாருக்கும் அந்த மூன்று நாள் உண்டு. சம்பளம் கிடைக்காது, ஆனால் அதற்காக வேலையை விட்டு நிறுத்தக்கூடாது. வரமுடியாது என்பதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பிய செய்தியை அழிக்காமல் வைத்திருக்கட்டும்.